படகை ஒத்தை ஆளாக இறக்கி ஏற்றுவது: எண்ணூர்க் கழிமுகத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கூட ஆள் இல்லாமல் டிரெய்லரிலிருந்து படகைத் தண்ணீரில் விட்டு, திரும்பி வந்து அதை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா என்றால், தாராளமாக முடியும். 14, 15 அடி ஃபைபர் படகு, 15 முதல் 25 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின், இழுக்க ஒரு பொலீரோவோ ஸ்கார்பியோவோ, இந்த அளவுக்குள் இருந்தால் பெரிய பலமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் செய்கிற வேலையை இங்கே கயிறுதான் செய்யப் போகிறது, அதனால் வண்டிச் சக்கரம் சரிவைத் தொடுவதற்குள் எல்லாக் கயிறும் கட்டி முடிந்திருக்க வேண்டும். சரிவில் நின்றுகொண்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறவருக்குப் படகும் போகும், சில சமயம் வண்டியும் பின்னாலேயே போகும்.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் கழிக்கும் ஏரிக்கும் மட்டும். அலை அடிக்கிற கடற்கரையில் டிரெய்லரோடு தனியாக இறங்குகிற பேச்சே கிடையாது. ராயபுரம் தாண்டி எண்ணூர் வரைக்கும் கரையில் முக்கால்வாசி கருங்கல் கொட்டித்தான் கிடக்கிறது, மிச்சமிருக்கும் மணலில் அலை தாண்டிப் படகு தள்ளுவது குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் தோள் கொடுத்துச் செய்கிற வேலை. நமக்கு ஏற்றது கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழி, இல்லையென்றால் இன்னும் வடக்கே பழவேற்காடு ஏரி.

எங்கே இறக்குவது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சரிவு இருக்கிறதே என்று போய் நிற்காதீர்கள். அது தொழில் நடக்கிற இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் உள்ளே கட்டிக்கிடக்கும், அப்போது கால் வைக்கவே இடம் இருக்காது. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, ஆனால் அது உறுப்பினர்களுக்கானது.

எண்ணூர்ப் பக்கம் என்றால் ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். “அண்ணே, சின்ன போட்டு ஒண்ணு இருக்கு, இங்க இறக்கிக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கூடவே எந்த இடத்தில் வலை கட்டியிருக்கிறது, எங்கே சேறு என்பதும் தெரிந்துவிடும். அந்தச் சேற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமாகக் கழியில் படிந்திருக்கிறது. மேலே பார்த்தால் சிமெண்ட் பூசியது போல் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். ஆள் இறங்கினால் ஏறிவிடலாம், டிரெய்லர் சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் வர வேண்டும்.

முதல் முறை ஓர் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் படகு இல்லாமல் போங்கள், அதுவும் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து. ஒரு நீளமான கம்பை ஊன்றிக்கொண்டே சரிவில் கடைசி வரை நடந்து, கெட்டித் தரை எங்கே முடிகிறது, எங்கே பாசி, எங்கே பள்ளம் என்று பாருங்கள். செருப்போ ரப்பர் ஷூவோ போட்டுக்கொள்வது நல்லது, அங்கே கல்லில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பிளேடு மாதிரி கீறிவிடும். கான்கிரீட் முடிகிற இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு கல்லை நட்டு சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள். தண்ணீர் ஏறியபின் அந்த முனை கண்ணுக்குத் தெரியாது. டிரெய்லர் சக்கரம் அதைத் தாண்டித் தொப்பென்று விழுந்தால் அச்சு முனையில் மாட்டிக்கொள்ளும், தனி ஆளாக அதைத் தூக்க வழியே இல்லை.

நேரம் பார்ப்பது

சென்னைக் கடலில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எட்டடிக்கு ஓரடி இறங்குகிற சரிவில் அந்த ஒரு மீட்டர் உயரம் எட்டு மீட்டர் நீளமாகிவிடும், அதாவது காலையில் தண்ணீர் நின்ற இடத்துக்கும் வற்றியபின் நிற்கிற இடத்துக்கும் நடுவே இரண்டு பொலீரோவை வரிசையாக நிறுத்தலாம். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது கழிக்குள் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் குறையும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறக்குங்கள். அப்போது படகு தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தானாக மிதந்துவிடும். வற்றும்போது எஞ்சின் நின்றுபோனால் ஓட்டம் நேராக முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

காற்றுக் கணக்கு இதைவிட முக்கியம். விடியற்காலையில் கரைக்காற்று மெதுவாக இருக்கும், கோடையில் உச்சிவேளையை ஒட்டிக் கடல்காற்று எழும்பிவிடும். இறக்குவது எப்போதுமே சுலபம், ஏற்றுவதுதான் பாடு, அந்தப் பாட்டைக் கடல்காற்று கிளம்பியபின் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மணிக்கு இறக்கி பத்து, பத்தரைக்குள் ஏற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிரெய்லரோடு மாட்டிக்கொள்வதும் கொஞ்சம் குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எனக்குச் சரிப்படாது. புயல் சின்னம் ஒரு பக்கம் என்றால், பூண்டி ஏரியைத் திறந்தால் உபரி நீர் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூருக்குத்தான் வந்து சேரும், அப்போது கழியில் ஓடுகிற ஓட்டத்தில் சின்னப் படகு நிற்காது. பழவேற்காடு போகிறவர்கள் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் கடல் பக்கம் கட்டுப்பாடு இருக்கும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியது

டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. பதிவும் நம்பர் பிளேட்டும் வேண்டும். வண்டியின் கொக்கிப் பந்தும், அதன் மேல் கவிழ்ந்து பூட்டுகிற டிரெய்லரின் கப்ளரும் ஒரே அளவா என்று பாருங்கள், 50 மி.மீ. கப்ளருக்கு 50 மி.மீ. பந்துதான். பந்தின் மேல் இறங்குகிற பாரம் டிரெய்லர், படகு, எஞ்சின் எல்லாம் சேர்த்த மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும், வீட்டு எடை மெஷினைக் கப்ளருக்குக் கீழே வைத்தாலே தெரிந்துவிடும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் முன்பக்கம் தரையில் குத்தாமல் சங்கிலியில் உட்காரும்.

முந்தின நாள் ராத்திரியே எஞ்சினை டிரம் தண்ணீரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தண்ணீரில் இறக்கியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைவிட மோசமான செய்தி தனியாகப் போகிறவருக்கு இல்லை.

இரண்டு விஷயம் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். ஒன்று, டிரெய்லரின் பின்முனையில் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, அதன் மேல் இரண்டடிக்குக் குறையாமல் பி.வி.சி. பைப் செருகிய வழிகாட்டிக் கம்பங்கள். படகை இறக்கியபின் காலி டிரெய்லர் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் இந்தக் கம்பங்கள்தான் காட்டும், ஏற்றும்போது படகு பக்கவாட்டில் நழுவாமலும் பிடிக்கும். இன்னொன்று, சக்கரத்துக்குக் கொடுக்கிற முட்டுக்கட்டை. நம்மூரில் ரோட்டோரக் கல்லை வைத்துச் சமாளிக்கிற பழக்கம், பாசி பிடித்த சரிவில் அந்தக் கல்லே வழுக்கிக்கொண்டு போகும். மரக்கடையில் ஆப்பு மாதிரி இரண்டு கட்டை அறுத்து, அடியில் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்து, ஒவ்வொன்றையும் ஒரு முழக் கயிற்றால் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டிவிடுங்கள். வண்டி முன்னால் நகர்ந்ததும் கட்டையும் கூடவே வரும், எடுக்க நீங்கள் இறங்கி ஓட வேண்டியதில்லை.

ரிவர்ஸ் எடுப்பது

இதை எழுதிப் புரியவைப்பதைவிட மணலி, மாதவரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலி மைதானம் ஒன்றைப் பார்த்து அரை மணி நேரம் பழகினால் வந்துவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், கோணிக்கொண்டால் முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது மெதுவாகத் திரும்பும்.

கரையில் வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடசென்னையில் நீங்கள் தனியாக ரிவர்ஸ் எடுத்தால் ஒரு நிமிஷத்தில் மூன்று பேர் வந்துவிடுவார்கள், ஒருத்தர் “ரைட்ல ஒடி” என்பார், இன்னொருத்தர் “வா வா வா” என்பார், மூன்றாமவர் வண்டியைத் தட்டிக்கொண்டே வருவார். மனசார நன்றி சொல்லுங்கள், ஆனால் கண்ணாடியை மட்டும் நம்புங்கள். உதவி வேண்டுமென்றால் ஒரே ஒருத்தரிடம் கயிற்று முனையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் படகுக்குப் பின்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரிவுக்கு மேலே, சமதரையில்

வந்தவுடனே இறக்காதீர்கள். ஓடி வந்த டிரெய்லரின் ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி, சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கி, சீலைத் தாண்டி உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அங்கே தொடங்கும் பேரிங் துரு. புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்த்து ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள், பதினைந்து இருபது நிமிஷம் ஆகும். மேல்வேலை எல்லாம் முடியவும் அதே நேரம்தான் ஆகும்.

முதலில் தண்ணீர் வடிகிற துளைக்கு அடைப்பான். இதை மறந்து இறக்கிய படகுகளைப் பற்றி எந்தக் கரையில் கேட்டாலும் கதை கிடைக்கும். அடைப்பானைப் போன தடவை கழற்றியபோதே வண்டிச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருந்தால் மறக்க வழியில்லை. அப்புறம் பின்பக்கத்து இறுக்குப் பட்டைகளைக் கழற்றுங்கள், டிரெய்லர் லைட் இணைப்பை உருவி விடுங்கள், எஞ்சினைத் தாங்கும் கட்டையை எடுத்துவிட்டு எஞ்சினைத் தூக்கிய நிலையிலேயே பூட்டுங்கள். லைஃப் ஜாக்கெட், பெட்ரோல் டேங்க், துடுப்பு, நங்கூரம், தண்ணீர் கேன் எல்லாம் இப்போதே படகுக்குள் போய்விட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை நீங்களே போட்டுக்கொள்வது இன்னும் உத்தமம்.

வின்ச் பட்டையையும் (கைப்பிடியைச் சுற்றிப் படகை டிரெய்லரில் இழுக்கிற கருவிதான் வின்ச்) படகின் மூக்கில் மாட்டிய பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் தொடவே தொடாதீர்கள். உருளை வைத்த டிரெய்லராக இருந்தால் சரிவில் பட்டையைக் கழற்றிய மறு விநாடி படகு வழுக்கிக் கான்கிரீட்டில் உட்காரும். பின்பக்கம் மிதக்கத் தொடங்கியபின்தான் அவை கழற்ற வேண்டியவை.

இப்போது கயிறு. 12 மி.மீ. நைலான் போதும், காசிமேட்டில் வலை, கயிறு விற்கிற கடைகளில் நல்லதாகக் கிடைக்கும். ஒரு முனை படகின் மூக்கு வளையத்தில், மறுமுனை டிரெய்லரின் வின்ச் தூணில். நடுவில் விடுகிற நீளம்தான் கணக்கு: 15 அடிப் படகு என்றால் ஆறேழு மீட்டர். படகு டிரெய்லரை முழுசாக விட்டு வெளியே போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. மிச்சக் கயிற்றைச் சுருட்டிப் படகின் முன்பக்கத்தில் வையுங்கள், சக்கரத்திலும் கொக்கியிலும் சிக்காத மாதிரி. பின்பக்கக் கொண்டியில் பத்து மீட்டரில் இன்னொரு கயிறு கட்டி, அதன் முனையையும் முன்பக்கமே கொண்டுவந்து வைத்தால் கரையிலிருந்து இரண்டையும் பிடிக்கலாம்.

தண்ணீரோரம் கட்டத் தூணோ மரமோ இல்லையென்றால் ஒரு கடப்பாரையைச் சாய்வாக அடித்து இறக்கிவிடுங்கள். படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ சரிவின் அந்தப் பக்கத்தில் அடித்தால் படகு டிரெய்லரை விட்டு விலகி நிற்காமல் போய் இடிக்கும், அதனால் காற்று போகிற பக்கத்தில் அடியுங்கள்.

இறக்குவது

டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுசாக இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்குங்கள். வண்டி தண்ணீரில் போனால் வெளியே வருகிற வழி அதுதான். வண்டியின் பின்சக்கரம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிற இடத்தில் நிறுத்தப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்து ஹப் நனைகிற அளவுக்குப் போனால் ஆழம் போதாத சரிவு என்று அர்த்தம், வேறு நேரம் வாருங்கள்.

நிறுத்தியதும் காலால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுங்கள், நியூட்ரலில் காலை மெதுவாக எடுத்து வண்டி ஹேண்ட்பிரேக்கில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடுங்கள். இறங்கி, கட்டைகளைப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் கொடுங்கள்.

படகின் பின்பக்கம் லேசாக ஆடத் தொடங்கியிருக்கும். சங்கிலியை எடுங்கள், வின்ச்சை ஒரு சுற்று தளர்த்திப் பட்டையின் கொக்கியை எடுங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். வரவில்லையா? பட்டையை மறுபடி மாட்டிவிட்டு இன்னும் ஓரடி பின்னால் எடுங்கள். வேகமாக ரிவர்ஸ் வந்து பிரேக் அடித்துப் படகை உதறிவிடுகிறவர்கள் உண்டு. நல்ல கான்கிரீட்டில், கூட ஆள் இருக்கும்போது அது ஓடும், பாசியிலும் சேற்றிலும் வேண்டாம்.

படகு மிதந்து போய்க் கயிறு இறுகி நிற்கும். இப்போது வின்ச் தூணிலிருந்து அவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து போய்க் கடப்பாரையில் முன்கயிறும் பின்கயிறும் கட்டுங்கள். கட்டியபின் வண்டியை மேலே ஏற்றி மற்றவர்களுக்கு வழிவிட்டு நிறுத்துங்கள். வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம், கழுத்தில் மாட்டுங்கள், ஒரு மாற்றுச்சாவி வீட்டில் இருக்கட்டும்.

கிளம்பும்போது எஞ்சினை இறக்கி, ஸ்டார்ட் ஆனதும் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உடனே அணையுங்கள், உள்ளே குளிர்ச்சி ஓடவில்லை. இழுபட்டால் எஞ்சினை அணைக்கிற கில் சுவிட்ச் கயிறு கையிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும். தனியாக இருக்கும்போது படகிலிருந்து விழுந்தால் அது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனில் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554 இரண்டும் இருக்கட்டும். துறைமுகங்கள், அனல்மின் நிலையங்களின் பக்கம் நெருங்கவே வேண்டாம், கட்டுவலை இருக்கிற இடங்களைச் சுற்றிப் போங்கள்.

ஏற்றுவது

திரும்பி வந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டு, படகை அதே கடப்பாரையில் முன்னும் பின்னும் கட்டுங்கள். டிரெய்லரை எடுக்கப் போவதற்கு முன் சரிவை ஒரு தடவை பாருங்கள். நீர் வற்றியிருந்தால் காலையில் தண்ணீருக்குள் இருந்த பாசிப் பகுதி இப்போது வெளியே இருக்கும், உங்கள் பின்சக்கரம் நிற்கப் போவது அதன் மேல்தான். நாலு கோணிப்பையை நனைத்து விரித்து, மேலே ஒரு சட்டி மணல் தூவினால் பிடிமானம் வரும். சிவப்புக் கல்லையும் மறக்க வேண்டாம். கான்கிரீட் முனைக்கு நெருக்கமாகத் தண்ணீர் போய்விட்டது என்றால் உட்கார்ந்து டீ குடிப்பதுதான் சரி, ஏறும் தண்ணீர் திரும்ப வரும்.

எத்தனை ஆழத்துக்கு டிரெய்லரை விட வேண்டும் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். அதிகம் முக்கினால் படகு சுலபமாக உள்ளே வரும் என்று நினைப்பார்கள். வரும், ஆனால் டிரெய்லரில் படகு உட்காருகிற தாங்குகட்டைக்கு மேலே மிதந்துகொண்டே இருக்கும், வண்டியை இழுக்கும்போது கோணலாக இறங்கி உட்காரும். முதலில் தாங்குகட்டைகள் முழுசாக நனையும்படி ஒரு தடவை முக்கி எடுங்கள், நனைந்த கட்டையில் படகு வழுக்கும். பிறகு கட்டையின் முன்பகுதி மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், கியர், முட்டுக்கட்டை, பழைய வரிசைதான்.

இப்போது கடப்பாரையிலிருந்து இரண்டு கயிற்றையும் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் நாக்குப் பகுதிக்கு (வண்டியோடு சேர்கிற முன்பக்கம்) அருகில் நின்று முன்கயிற்றால் மூக்கை இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுங்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் படகின் வால் காற்றோடு போகும், பின்கயிற்றால் அதைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். அதற்காகத்தான் பின்கயிறும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றேன். மூக்கு தாங்குகட்டைகளுக்கு நடுவே நுழைந்துவிட்டால் வின்ச் பட்டையை மாட்டிச் சுற்றுங்கள்.

வின்ச் சுற்றும்போது பட்டைக்கு நேர் பின்னால் முகத்தை வைக்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். கைப்பிடி ஒவ்வொரு பல்லுக்கும் டக், டக் என்று சத்தம் போட வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் பூட்டு விழவில்லை, கையை விட்டால் கைப்பிடி சுழன்று முழங்கையை உடைக்கும். பாதியில் ரொம்ப இறுகினால் மல்லுக்கட்ட வேண்டாம், டிரெய்லர் ஆழம் போதவில்லை, கொஞ்சம் பின்னால் விடுங்கள். மூக்கு ரப்பர் தடுப்பில் போய் முட்டியதும் சங்கிலியை மாட்டுங்கள்.

மெதுவாக ஏற்றி, படகு முழுசாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் நிறுத்திப் பாருங்கள். கோணலாக இருந்தால் கையால் தள்ளி நேராக்கப் பார்க்க வேண்டாம், 300 கிலோவை ஒத்தை ஆள் நகர்த்த முடியாது. திரும்பத் தண்ணீரில் விட்டு மிதக்கவிட்டு நேராக்குவதுதான் வழி. ஏறும்போது பின்சக்கரம் சுழன்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், சுழலச் சுழலப் பாசி இன்னும் வழுவழுப்பாகும். நிறுத்திக் கட்டை கொடுத்து, சக்கரத்துக்கு முன்னால் கோணிப்பையைச் செருகிவிட்டு இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள்.

மேலே வந்தபின்

சரிவை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு அடைப்பானைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் வடியட்டும். பின்பட்டைகள், எஞ்சின் தாங்கி, லைட் இணைப்பு எல்லாம் திரும்ப மாட்டி, லைட் எரிகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் கழுவத்தான் வடசென்னையில் மனசு வராது, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற தெருவில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட முடியாது. 200 லிட்டர் நீல டிரம்மின் வாயை எஞ்சின் இறங்குகிற அளவு வெட்டி, உள்ளிழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கும்படி நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் ஐந்து பத்து நிமிஷம் ஐடிலில் ஓட்டினால் உள்ளே இருக்கும் உப்பு கரைந்து வந்துவிடும். அதே தண்ணீரை மக்கில் மொண்டு டிரெய்லரின் பட்டைச் சுருள், அச்சு, வின்ச், கப்ளர் மேல் ஊற்றி, கடைசியாக ஒரு பக்கெட் புதுத் தண்ணீரால் அலசலாம். கழி எண்ணெய்க் கறை படகின் பக்கத்தில் ஒட்டியிருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

மறுநாள் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் ஓடினால் கிரீஸ் துப்பாக்கியால் கொஞ்சம் அடித்துவிட்டு விடலாம். கரகரவென்று கேட்டாலோ, வெளியே வருகிற கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் திணிக்காமல் அந்த டிரெய்லரை அடுத்த தடவை ரோட்டில் ஏற்ற வேண்டாம்.